அல்லித் தொட்டியை அகற்றிவிட வேண்டாம்

என் தந்தையார் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாளில், கூடத்தின் கிழக்குச் சன்னலோரம் ஒரு மரப்பலகை வெறுமையாக நின்றது. அதன்மேல் ஒன்பது ஆண்டுகளாக ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. தொட்டியில் அல்லி இருந்தது. அவர் மருத்துவமனையில் இருந்த வேளையில் அதைத் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியவள் நானே. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர் மீன்தொட்டி நீரில் கை வைக்கலாகாது என்று மருத்துவர் கூறியிருந்தார். வீட்டைக் கழுவித் துடைத்து, மெத்தை உறைகளை மாற்றி, தொட்டியையும் அகற்றிவிட்டால் என் கடமை முடிந்தது என்று எண்ணினேன். தந்தையார் அந்தப் பலகையைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைச் சன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

அவர் கேட்காத கேள்வியைப் பல நாட்கள் கழித்தே நான் எனக்குள் கேட்டுக்கொண்டேன். மருத்துவர் சொன்னது என்ன? ‘நீரில் கை வைக்கலாகாது’ என்பதே. ‘வீட்டில் தொட்டி இருக்கலாகாது’ என்று அவர் சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த தொலைவை அச்சத்தால் நானே தாண்டிவிட்டேன். மருத்துவரிடம் மறுமுறை கேட்கவில்லை. தொட்டிக்கு உரியவரிடமும் கேட்கவில்லை.

நோயாளியின் நன்மை கருதி நாம் அகற்றும் பொருள்கள் பல. சில அகற்றத்தக்கவை, சிலவற்றை அகற்றத் தேவையே இல்லை, கையாளும் முறையை மாற்றினால் போதும். வீட்டில் வளரும் அல்லி இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பது என் கருத்து. பெரும்பாலான நோயாளிகளின் வீட்டில் அதை வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: நீரில் யார் கை இறங்குவது என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். பார்ப்பது நோயாளியின் பங்கு. தொடுவது வீட்டில் உடல்நலத்தோடு இருப்பவரின் பங்கு. இந்த ஏற்பாட்டைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் உங்கள் நிலையைக் கருதித் தொட்டியே வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால், அதுவே முடிவு. அதற்கு எதிராக இக்கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை.

அஞ்ச வேண்டியது எதற்கு?

முதலில் ஆபத்தை உள்ளபடி அறிந்துகொள்வோம். மிகைப்படுத்தினால் நான் செய்த தவற்றைச் செய்வோம். குறைத்து மதிப்பிட்டால் அதைவிடப் பெரிய தவற்றைச் செய்வோம்.

மீன்தொட்டி நீரில் மைக்கோபாக்டீரியம் மெரைனம் என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரர் அது. தோலில் கீறலோ வெடிப்போ இருந்தால் அவ்வழியே உள்ளே நுழைகிறது. நம் உடலின் உள்வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே அது நன்கு பெருகும். ஆகையால் விரல், புறங்கை, முன்கை ஆகிய குளிர்ந்த பகுதிகளில்தான் பெரும்பாலும் தோன்றும். சில வாரங்கள் கழித்து ஒரு சிறு கட்டியாகவோ ஆறாத புண்ணாகவோ தென்படும். வழக்கமாகத் தரப்படும் சில நாள் மருந்துக்கு அது அடங்குவதில்லை. மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களிடம் ஆழமாகவும் பரவக்கூடும். தொட்டி வைத்திருக்கும் எவருக்கேனும் கையில் ஆறாத புண் வந்தால், ‘எங்கள் வீட்டில் மீன்தொட்டி உண்டு’ என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் சரியான பரிசோதனைக்கு வழிகாட்டும்.

இரண்டாவது, மண். உலர்ந்த மண்ணைக் கிளறும்போது பூஞ்சை வித்துகள் காற்றில் எழும். நலமுள்ளவரின் நுரையீரல் அவற்றை எளிதில் வென்றுவிடும். புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவரால் அது இயலாது. நோயெதிர்ப்பு ஆற்றல் மிகக் குறைந்தோர் தங்கும் பிரிவுகளில் பூங்கொத்தும் தொட்டிச் செடியும் அனுமதிக்கப்படாததற்குக் காரணம் இதுவே. பூக்குவளையில் தேங்கிய நீரிலும் கிருமிகள் பெருகும். ஆகவே அல்லியின் மேல் எவ்வளவு அன்பிருந்தாலும் அதை மருத்துவமனை அறைக்குக் கொண்டுவராதீர்கள். அங்கு விதி ஒன்றே. அதற்கு விலக்கு கேட்பது முறையன்று.

ஆகவே உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், நெடுநாளாக ஸ்டீராய்டு உட்கொள்வோர், டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்டோர், நீரிழிவால் ஆறாத புண் உடையோர் ஆகியோர் தொட்டி நீரையும் அதன் மண்ணையும் தொடலாகாது. ‘கையுறை அணிந்துகொள்கிறேன்’ என்பது இவர்களுக்குப் போதிய மறுமொழி அன்று. கையுறை, அவர்களுக்காகத் தொட்டியைக் கவனிப்பவர் அணிவதற்கே.

கிழங்கும் இலையும்

அல்லியைத் தாமரையோடு குழப்பிக்கொள்வோர் உண்டு. தாமரை இலை முழுவட்டம்; முதிர்ந்தபின் நீரைவிட்டு எழுந்து நிற்கும். அல்லி இலையில் ஓரத்திலிருந்து காம்பு சேரும் இடம்வரை ஒரு பிளவு இருக்கும். பெரும்பாலும் அது நீரின்மேல் படிந்தே கிடக்கும். ஆம்பல், குமுதம் என்பனவும் அல்லிக்கு வழங்கும் பெயர்களே. இவ்வினத்து நீலமலர்தான் நெய்தல். கடற்கரை நிலத்துக்கே அதன் பெயரை இட்டு வழங்கினர் நம் முன்னோர். பெருந்தாமரைக்கு வீட்டுத் தொட்டி போதாது. சிறிய வகை அல்லிக்குப் போதும்.

கண்ணாடித் தொட்டிக்கென்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, நம் நாட்டிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் நீல அல்லியின் குறுவகை. மற்றொன்று ‘டைகர் லோட்டஸ்’ எனப்படுவது. பெயரில் தாமரை இருப்பினும் அதுவும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஓர் அல்லியே. சிவந்த இலையில் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். இரண்டும் சிறு கிழங்குகளாக விற்கப்படுகின்றன.

கிழங்கை முழுவதும் புதைப்பதே பலரும் செய்யும் முதல் பிழை. புதைந்த கிழங்கு அழுகிவிடும். பொடிக்கல்லின்மேல் பாதி வெளியே தெரியும்படி வைத்தால் போதும். முதல் சில நாள் மிதக்கும் கிழங்கும் உண்டு. ஊறியபின் தானே அமிழும். ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் முளை விடும். நீரின் வெப்பம் 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. நம் ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கெனத் தனிக் கருவி தேவைப்படாது. நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேரம் எல்.இ.டி விளக்கின் ஒளி போதும். தொடக்கத்தில் இலைகள் நீருக்குள்ளேயே விரியும். பிறகு நீண்ட காம்புடன் சில இலைகள் மேற்பரப்பை நாடிச் செல்லும். அவற்றை அவ்வப்போது நறுக்கிவிட்டால் செடி உள்ளிலைகளோடு அடர்ந்து நிற்கும். விட்டுவிட்டால் மேற்பரப்பில் இலை பரப்பி, ஒளி போதுமானால் ஒருநாள் மொட்டும் விடும். இலையா மலரா என்பதை வளர்ப்பவர் தெரிவு செய்யலாம்.

மலரே வேண்டுமெனில் கண்ணாடித் தொட்டியைவிடப் பால்கனியிலோ மாடியிலோ வைக்கும் அகன்ற தொட்டியே ஏற்றது. ஏறத்தாழ ஆறு மணி நேர வெயில் வேண்டும். அடியில் கனமான களிமண் இட்டு, அதன்மேல் கூழாங்கல் பரப்பி, நீரை மெல்ல நிரப்ப வேண்டும். கடையில் விற்கும் இலகுவான செடிமண் கலவையும் தேங்காய் நார்க்கழிவும் மிதந்து நீரைக் கெடுக்கும். அவை இதற்கு ஆகா. நீல அல்லி பகலில் விரியும். செவ்வல்லியும் வெள்ளாம்பலும் இரவில் விரிந்து முற்பகலில் குவியும். ஒரு மலர் மூன்று நான்கு நாட்கள் விரிந்தும் குவிந்தும் இருந்து, பின் நீருக்குள் அமிழ்ந்துவிடும். இரவில் உறக்கம் வராத நோயாளி எந்த வகையை விரும்புவார் என்பதை அவரிடமே கேளுங்கள்.

தந்தையாரின் பழைய தொட்டியை நான் திரும்பக் கேட்கவில்லை. கொடுத்ததைக் கேட்பது அழகன்று. ஆனால் அந்த வீட்டார் பொடிக்கல்லை மாற்றும்போது ஒதுக்கிய கிழங்கு ஒன்றைத் தாமாகவே கொண்டுவந்து தந்தனர். இலை ஒன்றும் இல்லை. உலர்ந்த பாக்குபோல் இருந்தது. எறிந்துவிட இருந்தேன். ‘அழுத்திப் பார் அம்மா, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது’ என்றார் தந்தையார். கெட்டியாகவே இருந்தது. சூழல் ஒவ்வாதபோது இலைகளை உதிர்த்துவிட்டுக் கிழங்கு உறங்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இலை போனதும் செடி இறந்தது என்று எறிந்துவிடுவோர் அனைவருக்கும் இச்செய்தி பயன்படும்.

பங்கு பிரித்துக்கொள்ளும் முறை

சிகிச்சைக் குழுவினரிடம் இம்முறை முறையாகக் கேட்டோம். முதல் சில மாதங்களில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தின் அளவு கூடுதலாக இருக்கும். அக்காலம் கழியட்டும் என்றார்கள். கழிந்தபின் சிறிய தொட்டி ஒன்றை வைத்தோம். எங்கள் வீட்டில் பின்பற்றும் முறையை அப்படியே தருகிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இடம்: தொட்டி படுக்கையறையில் இல்லை. கூடத்தில், தந்தையாரின் நாற்காலியிலிருந்து சில அடி தள்ளி, கண்ணுக்கு நேராக இருக்கிறது. மேலே கண்ணாடி மூடி உண்டு. நீர்த்துளி தெறிக்கும் குமிழிக் கருவி இல்லை. அல்லிக்கும் அசையாத நீரே உகந்தது. இலைமேல் ஓயாமல் நீர் விழுவதை அது விரும்பாது.

எடை: 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். நீர் மட்டுமே 54 கிலோ. கல்லும் கண்ணாடியும் வேறு. நிரப்பிய தொட்டியை எவரும் நகர்த்த முயலக் கூடாது. நோயாளியைத் தூக்கி அமர்த்தி ஏற்கெனவே நொந்திருக்கும் முதுகு உங்களுடையது. நீரை அரை வாளி அரை வாளியாகவே கொண்டுசெல்லுங்கள். தரையில் சிந்திய நீரை உடனே துடையுங்கள். தள்ளாடி நடப்பவர் இருக்கும் வீட்டில் ஈரத்தரை பெரும்பகை.

மின்சாரம்: நீரில் கை வைக்குமுன் விளக்கு, வடிகட்டி ஆகியவற்றின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். கம்பி செருகியை நோக்கி நேரே செல்லாமல், ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி அமைத்தால், வழியும் நீர் செருகிக்குள் இறங்காது.

நீர் மாற்றுதல்: வாரம் ஒருமுறை, கால் பங்கு மட்டும். குழாய் நீரை ஒருநாள் வாளியில் வைத்திருந்து ஊற்றினால் குளோரின் பெரும்பாலும் அகன்றுவிடும். முழங்கைவரை கையுறை அணிய வேண்டும். கையில் காயம் இருக்கும் வாரத்தில் அப்பணி வேண்டாம். ஒரு வாரம் தவறினால் அல்லி வாடிவிடாது. நீரை இறக்கக் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை அடியோடு விட்டுவிட வேண்டும். கழிநீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் செடிகளுக்கோ கழிவறையிலோ ஊற்றலாம். பணி முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே நோயாளியின் மருந்தையோ உணவையோ தொட வேண்டும். மண் மாற்றும் நாளில் நோயாளி வேறு அறையில் இருக்கட்டும்.

கொசு: இதில் தளர்வே கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த, அசையாத நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஏற்கெனவே தட்டணுக்கள் குறைந்திருக்கும் ஒருவருக்கு டெங்கு வந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பால்கனித் தொட்டியில் நான்கைந்து கப்பி மீன்களை விட்டால் அவை கொசுப்புழுக்களை உண்டுவிடும். முட்டைகள் தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். உலர்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை அப்பகுதியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைச் செய்ய ஆளில்லாத வீட்டில் திறந்த தொட்டி வேண்டாம். அதைச் செய்ய இயலாதவர் கூடத்தில் மூடியுள்ள கண்ணாடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. இனிப் பயன்படாத கிழங்கையும் மீனையும் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். அங்கு ஏற்கெனவே வாழும் உயிர்களுக்கு அவை இடையூறாகும்.

இவையெல்லாம் என் பங்கு. தந்தையாரின் பங்கு வேறு. அவரிடம் ஒரு குறிப்பேடு உண்டு. டயாலிசிஸ் காலத்தில் நாள்தோறும் எத்தனை மில்லிலிட்டர் நீர் அருந்தினார் என்று எழுதி வந்த அதே குறிப்பேடு. அதன் பின்பக்கத்திலிருந்து இப்போது அல்லியைப் பற்றி எழுதி வருகிறார்: எந்த நாளில் எத்தனையாவது இலை, எந்த இலை மஞ்சளாகிறது, மீன்கள் இரையை எவ்வளவு நேரத்தில் முடித்தன. மஞ்சளான இலையை எந்த இடத்தில் நறுக்க வேண்டும் என்று அவர் சொல்வார். நீண்ட இடுக்கியாலும் கத்தரியாலும் நான் நறுக்குவேன். ஒன்பதாண்டு அறிவு அவருடையது; எனக்கு அதில் பத்தில் ஒன்றும் தெரியாது. மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா, நீர் எவ்வளவு குடித்தீர்கள், காய்ச்சல் இருக்கிறதா என்று நாள் முழுவதும் நானே அவரிடம் வினவுகிறேன். தொட்டியின் முன் நிற்கும் வேளையில் நான் அவரிடம் கேட்டுக் கற்கிறேன். வீட்டில் நோயாளியாக மட்டுமே பார்க்கப்படும் ஒருவருக்கு அந்தப் பொழுது எவ்வளவு இன்றியமையாதது என்பதை, தொட்டியை இழந்த வாரங்களில்தான் உணர்ந்தேன்.

கை வைக்காமையும் பராமரிப்பே

வீட்டுத் தொட்டியில் அல்லி மடிவது பெரும்பாலும் கவனக்குறைவால் அன்று, மிகைக் கவனத்தால். முளை விட்டதா என்று கிழங்கை எடுத்தெடுத்துப் பார்ப்பார்கள். நீர் சற்றுக் கலங்கியதும் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதுநீர் நிரப்புவார்கள். மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவைப் படிப்படியாகத் தீங்கற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறச் சில வாரங்கள் ஆகும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழுவித் தேய்த்தால் அவை குடியேறவே இயலாது. உரவில்லைகளை அள்ளியிட்டால் அல்லி வளருமுன் பாசி வளரும். மீன்கள் இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவுக்குமேல் இரை போட்டால் எஞ்சியது அழுகும்.

இதை எழுதும்போது என்னைப் போன்ற பராமரிப்பாளர்களை எண்ணிப் பார்க்கிறேன். நோயாளியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி நலம் கேட்பதும், வேண்டாம் என்றபின் இன்னும் ஒரு கரண்டி பரிமாறுவதும், அவரே செய்யக்கூடியதை நாம் பறித்துச் செய்வதும் அன்பினால்தான். ஆயினும் அது அவரைச் சோர்வடையச் செய்கிறது. செய்ய வேண்டியதைக் குறித்த நாளில் செய்துவிட்டு, எஞ்சிய நாட்களில் விலகி நிற்கப் பழகுவதற்கு அல்லித் தொட்டி நல்ல பயிற்சி. வாரத்தில் அது கேட்பது ஒரு மணி நேரம்தான். அதற்குமேல் கொடுத்தால் அதற்கே தீங்கு. நம் நாளின் எல்லாக் கடமைகளும் எல்லையற்று நீளும் காலத்தில், எல்லையுள்ள கடமை ஒன்று கையில் இருப்பது பராமரிப்பவருக்கும் ஓர் ஆறுதல்.

மறுப்புரைகள் இரண்டு

‘நோய்வாய்ப்பட்ட வீட்டில் இதற்கெல்லாம் நேரமேது, பணமேது?’ என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வியே. பராமரிப்பவர் ஒருவரே, அவரும் வேலைக்குச் சென்று திரும்புபவர் என்றால், புதிதாகத் தொட்டி வாங்கும் காலம் இதுவன்று. எவருக்கும் இதைக் கடமையாக்க நான் விரும்பவில்லை. என் வேண்டுகோள் முதன்மையாக, ஏற்கெனவே தொட்டி இருக்கும் வீடுகளுக்கே. இருப்பதை அகற்றுமுன் நிதானியுங்கள். கவனிக்க ஆளில்லை என்றால், ஒரு வாயகன்ற கண்ணாடிக் கலனில் ஒரு கிழங்கும் கொஞ்சம் பொடிக்கல்லும் மட்டும் வைத்து, வலைத்துணியால் வாயை இறுகக் கட்டி, மீனின்றியும் சில மாதங்கள் காக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர் வாரம் ஒருமுறை வந்து பார்க்க இசையலாம். ‘நான் என்ன உதவி செய்யட்டும்?’ என்று கேட்கும் உறவினர்க்கு நாம் விடை தெரியாமல் விழிக்கிறோம். தொட்டி நீரை மாற்றித் தரச் சொல்லலாமே.

எதிர்த்திசையிலிருந்து வரும் பேச்சும் உண்டு: ‘மீன்தொட்டியைப் பார்த்தால் இரத்த அழுத்தம் இறங்கும், மருந்தே வேண்டாம், அல்லிக்கிழங்கை உண்டால் நோய் தீரும்’ என்பன போன்றவை. அமைதியாக அமர்ந்து எதையேனும் விரும்பிப் பார்ப்பது மனத்துக்கு இதமளிக்கும், அதில் ஐயமில்லை. அது மருந்துக்கு மாற்றன்று. கடையில் வாங்கிய அலங்காரக் கிழங்கு உணவுமன்று. சிறுநீரக நோயாளி மருத்துவரைக் கேளாமல் எந்தக் கிழங்கையும் மூலிகையையும் உட்கொள்ளலாகாது. அல்லி நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. நோயோடு வாழும் நாட்களில் அதுவும் உடன் இருக்கலாம் என்றே சொல்கிறேன்.

தொடாமல் வளர்த்த ஒருவர்

பார்ப்பது மட்டும் வளர்ப்பதாகுமா என்ற ஐயம் என் தந்தையாருக்கே முதலில் இருந்தது. அவருக்கு நான் சொன்னது பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனேயைப் பற்றி. ழிவெர்னி என்னும் ஊரில் தம் வீட்டருகே 1893-இல் நிலம் வாங்கிக் குளம் அமைத்தவர் அவர். வண்ண அல்லிகளை உருவாக்கிப் புகழ்பெற்ற லத்தூர்-மர்லியாக் நாற்றங்காலிலிருந்து செடிகளை வரவழைத்தார். வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் அவ்வல்லிகளையே மீண்டும் மீண்டும் வரைந்தார். 1912-இல் அவருக்குக் கண்புரை இருப்பது கண்டறியப்பட்டது. வண்ணங்கள் மங்கி, சிவந்து, குழம்பித் தெரிந்தன. 1923-இல் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பாரிஸ் நகரின் ஒராஞ்சரி அரங்கில் இன்று காணப்படும் பெரும் அல்லி ஓவியங்கள் இந்த ஆண்டுகளில் உருவானவை. 1926-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு அவை மக்கள் பார்வைக்கு வந்தன.

இவற்றுள் என் தந்தையாரைக் கவர்ந்தது ஒரு சிறு செய்தியே. குளத்தைக் கவனிப்பதற்கென்று தனியாக ஒரு தோட்டக்காரர் மொனேயிடம் இருந்தார். படகில் சென்று வாடிய இலைகளை அகற்றி, நீரையும் இலைகளையும் தூய்மையாக வைத்திருப்பது அவர் பணி. நீரில் இறங்கிய கைகள் தோட்டக்காரருடையவை. ஆயினும் அதை மொனேயின் குளம் என்றே உலகம் சொல்கிறது. தந்தையார் சற்றே சிரித்து, ‘அப்படியானால் உனக்குச் சம்பளம் தர வேண்டும்’ என்றார். வீடு திரும்பிய பின் அவர் சிரித்துப் பேசியது அன்றுதான். நாற்காலி மீண்டும் சன்னலை நோக்கித் திரும்பியதும் ஏறத்தாழ அந்நாட்களில்தான்.

‘எப்படி’ என்று கேளுங்கள்

வீட்டிலுள்ள ஒன்றை நோயாளி வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டால், அவசரத்தில் ‘வேண்டாம்’ என்ற விடையே எளிதாக வரும். காத்திருப்போர் வரிசை நீண்டிருக்கும்போது அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘எங்கள் வீட்டில் அல்லித் தொட்டி இருக்கிறது. அதை இவர் மிகவும் விரும்புகிறார். இவருடைய நிலையில் அதை எப்படி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது? எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? எந்த அறையில் வைக்கலாம்? இவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? எந்த அறிகுறி கண்டால் உடனே உங்களிடம் வர வேண்டும்?’ இந்த ஐந்து வினாக்களை மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு நேரமில்லை எனில் செவிலியரிடமோ நோயாளர் ஆலோசகரிடமோ கேட்கலாம்.

அதற்கு முன் ஒரு வினாவை வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கத் தவறிய வினா அது. தொட்டிக்கு உரியவரின் அருகே அமர்ந்து, ‘இதை என்ன செய்யலாம், நீங்கள் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். கொடுத்துவிடு என்று அவரே சொன்னால் கொடுத்துவிடலாம். அப்போது அது அவருடைய முடிவு. வைத்துக்கொள்ளலாம் என்றால், வாளியையும் கையுறையையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டையும் பேனாவையும் அவரிடம் கொடுங்கள்.